போட்டோவைச் சுருக்கலாம், முகத்தை அல்ல!

பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக விசா வாங்க வேண்டும். பேரன் மொட்டை போட்ட போட்டோவை ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்ப வேண்டும். காலமான மாமனாரின் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும். நல்லதோ கெட்டதோ, வீட்டில் எது நடந்தாலும் அதில் ஒரு போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோ நம் செல்போனில் இருக்கிறது.

ஆனால் அதை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பதற்குள் உயிர் போய்விடுகிறது! "படம் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்" என்று கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பையனிடம் கேட்டால், "சும்மா இரும்மா, நான் பண்றேன்" என்று எதையோ அழுத்துகிறான். படம் ஏறிவிடுகிறது. பார்த்தால், பெண்ணின் மூக்கும் கண்ணும் கரைந்து, பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்த மாதிரி நிற்கிறது!

சகோதரிகளே, இது பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை அல்ல. அளவு பார்த்துத் துணி வெட்டவும், பதம் பார்த்துப் பாகு இறக்கவும் தெரிந்த நமக்கு இது ஒரு பிரமாதமே இல்லை. இரண்டு மூன்று அடிப்படை விஷயங்கள் புரிந்துவிட்டால் போதும்.

ஒரு மாமியின் கதை

இதில் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். அவருடைய தாயார் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து காலமானார். கடைசி வருஷத்தில், வாசல் திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும்போது பேத்தி எடுத்த படம் ஒன்று இருந்தது. அவ்வளவு களையான முகம்! பேத்தி அதை வாட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்பினாள். அத்தை சித்தப்பாவுக்கு அனுப்பினார். யாரோ அதில் ரோஜாப்பூ பார்டர் போட்டு மறுபடி சேமித்தார்கள். வேறு யாரோ ஓரத்தை வெட்டி, 'காலை வணக்கம்' எழுதி அனுப்பினார்கள். இதற்கிடையில் பேத்தியின் போன் நிரம்பிவிட்டது. 'அதுதான் எல்லார்கிட்டயும் இருக்கே' என்று அவள் அசல் படத்தை அழித்துவிட்டாள்.

வருஷாப்திகத்துக்குப் படத்தைப் பெரிதாக்கி மாட்டலாம் என்று மாமி ஸ்டூடியோவுக்குப் போனார்.

"அம்மா, இதைப் பெரிசு பண்ணலாம். ஆனா மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியும். ஒரிஜினல் இல்லீங்களா?"

"இதுதான் தம்பி ஒரிஜினல். போன்ல நல்லாத்தானே இருக்கு?"

"போன்ல நல்லாத்தாம்மா இருக்கும். சின்னதா பாக்கிறோமில்ல!"

குடும்பத்தில் பதினாறு பேர் போனிலும் தேடினார்கள். எல்லாரிடமும் இருந்தது சுருங்கிய படம்தான். அசல் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிரதி எடுத்துச் சின்னச் சட்டத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆகவே முதல் பாடம் இதுதான்: எடுத்த படத்தின் அசலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பிரதியைத்தான் சுருக்க வேண்டும். விதை நெல்லைக் குத்திச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு எங்கே போவது?

புள்ளிக் கோலமும் போட்டோவும்

டிஜிட்டல் போட்டோ என்பது ஒரு புள்ளிக் கோலம். அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். இந்தப் புள்ளியைத்தான் பிக்ஸல் என்கிறார்கள். '12 மெகாபிக்ஸல்' கேமரா என்றால், படத்தின் ஒரு பக்கம் 4000 புள்ளி, மறு பக்கம் 3000 வரிசை. பெருக்கிப் பாருங்கள்: ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள்!

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் வேண்டும். அதாவது மூன்று பைட். ஆக, எதையும் சுருக்காமல் எழுதி வைத்தால் ஒரு போட்டோவுக்கு 3 கோடியே 60 லட்சம் பைட், சுமார் 36 எம்.பி. இடம் பிடிக்கும். ஆனால் உங்கள் போனில் பார்த்தால் 3 அல்லது 4 எம்.பி. என்றுதான் இருக்கும். படம் எடுத்த மாத்திரத்திலேயே போன் அதை இறுக்கிக் கட்டி வைத்துவிடுகிறது.

கே.பி., எம்.பி. என்பதெல்லாம் ஆழாக்கு, படி மாதிரி அளவைகள். சுமார் ஆயிரம் பைட் ஒரு கே.பி. சுமார் ஆயிரம் கே.பி. ஒரு எம்.பி.

இங்கே கவனிக்க வேண்டியது, போட்டோவுக்கு இரண்டு அளவுகள் உண்டு என்பதுதான். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்று (4000 × 3000 என்பது போல). அது பிடிக்கும் இடம் மற்றொன்று (3 எம்.பி. என்பது போல). இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாக் கஷ்டமும்.

புள்ளிகளைக் குறைப்பது 'ரீசைஸ்'. பதினைந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளிக் கோலமாகப் போடுகிறோமே, அது மாதிரி. புள்ளிகளைக் குறைக்காமல், எழுதி வைக்கும் முறையில் சிக்கனம் செய்வது 'கம்ப்ரஸ்'. முதலாவதைச் சுருக்குவது என்றும், இரண்டாவதை இறுக்குவது என்றும் இந்தக் கட்டுரையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

புடவை மடிப்பும் கத்தரி வற்றலும்

இறுக்குவதிலும் இரண்டு வகை இருக்கிறது. பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கிறோம். இடம் குறைகிறது. பிரித்தால் அதே புடவை, ஒரு இழை குறையாது. பி.என்.ஜி. என்ற வகைப் படம் இப்படித்தான். எழுத்து, கோடு, படிவம், போன் திரையைப் பிடித்த படம் ஆகியவற்றுக்கு இது மிக நல்லது. ஆனால் முகங்களும் மரம் செடிகளும் உள்ள போட்டோவை இதில் வைத்தால் இடம் அவ்வளவாகக் குறையாது.

இன்னொரு வகை, கத்தரிக்காயை வற்றலாகப் போடுவது. கூடைக் காய் ஒரு டப்பாவில் அடங்கிவிடும். குழம்பில் போட்டால் ருசியாகவும் இருக்கும். ஆனால் எத்தனை நேரம் ஊற வைத்தாலும் பழைய கத்தரிக்காயாக ஆகாது! ஜேபெக் என்ற வகைப் படம் இது. நம் போட்டோக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நிதானமாக இறுக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அளவு மீறினால் போனது போனதுதான்.

வற்றலை மறுபடி மறுபடி வெயிலில் போட்டால் என்னவாகும்? ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் அதுதான் நடக்கிறது. மாமியின் அம்மா படத்துக்கு நேர்ந்ததும் அதுவே. வெறுமனே திறந்து பார்ப்பதாலோ, அப்படியே வேறு இடத்துக்குப் பிரதி எடுப்பதாலோ எந்தக் குறையும் வராது. பயம் வேண்டாம்.

பெங்களூர்க்காரர் கண்ட வழி

36 எம்.பி. படம் 4 எம்.பி.க்குள் எப்படி அடங்குகிறது? இதற்கு வழி சொன்னவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்றால் ஆச்சரியமாக இருக்கிறதல்லவா! பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த நசீர் அகமதுதான் அவர். 1972-ல் அவருக்கு இந்தக் கணக்கு முறை தோன்றியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறதே என்பது போல ஒருவர் கருத்துச் சொன்னாராம்!

கோடை விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டார். 'எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், நீங்கள் ஆராய்ச்சியைச் செய்யுங்கள்' என்று அந்த அம்மாள் தைரியம் சொன்னதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து, 1974 ஜனவரியில் அந்த முறையை வெளியிட்டார். 1992-ல் ஜேபெக் முறை உலகத் தரமாக வந்தபோது அதற்கு அஸ்திவாரமாக இருந்தது இதுதான். 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2021-ல் இந்தத் தம்பதியின் கதையைக் காட்டியது. ஒரு வீட்டம்மாளின் சிக்கனமும் சேர்ந்துதான் நம் பேரக்குழந்தையின் படத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவருகிறது என்று சொன்னால் தப்பில்லை!

முறை இதுதான். படத்தை எட்டுப் புள்ளி, எட்டு வரிசை கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 64 புள்ளிகள். அறுபத்து நாலையும் தனித்தனியே எழுதாமல், 'மொத்தத்தில் இந்தக் கட்டம் எவ்வளவு வெளிச்சம், அதில் மெதுவாக மாறும் நிழல் எவ்வளவு, பொடிப் பொடியாக மாறும் நுணுக்கம் எவ்வளவு' என்று பிரித்து எழுதுகிறார்கள். பொடி நுணுக்கம் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதைத் தோராயமாக்கி விட்டுவிடுகிறார்கள். வெளிச்ச வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நிற வித்தியாசம் நம் கண்ணுக்கு நுணுக்கமாகத் தெரியாது என்பதால், நிறத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறார்கள்.

மிச்சம் பிடிப்பது எல்லை மீறினால் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்களே வெளியில் தெரிய ஆரம்பித்துவிடும். முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று ஸ்டூடியோக்காரர் சொன்னது இதைத்தான்.

வெட்டு, சுருக்கு, இறுக்கு

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். வங்கி வேலைத் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளில் போட்டோ 200 × 230 பிக்ஸல், 20 முதல் 50 கே.பி. வரை என்று கேட்பார்கள். இதை எப்படிச் செய்வது?

பலரும் செய்வது: 4000 × 3000 படத்தை அப்படியே வைத்துக்கொண்டு 50 கே.பி.க்கு இறுக்குவது. 36 எம்.பி. சரக்கை 50 கே.பி.யில் அடைப்பது என்றால் 720-ல் ஒரு பங்கு! மூட்டை அரிசியைச் சுருக்குப் பையில் திணிக்கிற வேலை. முகம் கரையாமல் என்ன செய்யும்?

சரியான வழி: முதலில் புள்ளிகளைக் குறைப்பது. 200 × 230 என்றால் வெறும் 46,000 புள்ளிகள். மூன்றால் பெருக்கினால் 1,38,000 பைட், சுமார் 138 கே.பி.தான். இதை 50 கே.பி. ஆக்குவது சுலபம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே இறுக்கினால் போதும். முகம் பளிச்சென்று இருக்கும்!

ஆகவே இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

1. வெட்டு. கேட்ட அளவின் அகல உயர விகிதத்துக்கு முதலில் ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் 'கிராப்'. ஸ்டூடியோ பாஸ்போர்ட் படம் 35 × 45 மில்லிமீட்டர். அதை வெட்டாமல் 200 × 230 ஆக இழுத்தால் முகம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அகலமாகிவிடும். ஒல்லிப் பெண் குண்டாகிவிடுவாள்!

2. சுருக்கு. 'ரீசைஸ்' பகுதிக்குப் போய் அகலத்தில் 200 என்று போடுங்கள். விகிதத்தைக் காப்பாற்று என்ற கட்டத்தில் டிக் இருந்தால் உயரம் தானாக 230 என்று வந்து நிற்கும். அப்படி வரவில்லை என்றால் வெட்டியது சரியில்லை என்று அர்த்தம். சுருக்கிய படம் லேசாக மங்கினாற்போல் இருந்தால், 'ஷார்ப்பன்' என்பதைத் துளி கூட்டலாம். பெருங்காயம் மாதிரி, துளிதான்!

3. இறுக்கு. சேமிக்கும்போது 'குவாலிட்டி' என்று 100 வரை ஓர் அளவு வரும். 80-லிருந்து 90 வரை வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 100 வைத்தால் இடம்தான் வீணாகும். 50-க்குக் கீழே போகப் போகக் கட்டங்கள் எட்டிப் பார்க்கும். 20 கே.பி.க்கும் குறைந்துவிட்டதா? குவாலிட்டியை 95 என்று ஏற்றுங்கள், எடை கூடிவிடும்.

அமெரிக்க விசாவுக்கு முறை வேறு. சதுரப் படம், 600 × 600-லிருந்து 1200 × 1200 பிக்ஸல் வரை, 240 கே.பி.க்குள். அதே மூன்று படிகள்தான். 600-ஐத் தேர்ந்தெடுத்தால் இறுக்க வேண்டியது குறையும், முகம் தெளிவாக இருக்கும். எந்த விண்ணப்பமானாலும் அந்த வருஷத்து அறிவிப்பை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்ட அளவு இந்த வருஷம் மாறியிருக்கலாம்.

கையெழுத்தில் கோட்டை விடாதீர்கள்

போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கையெழுத்தைக் கடைசி நிமிஷத்தில் ஏனோதானோவென்று ஏற்றுகிறவர்கள் உண்டு. தேர்வு மண்டபத்தில் போடும் கையெழுத்தோடு ஒப்பிடுவது இதைத்தான். படிக்க முடியாமல் இருந்தால் ஒரு வருஷப் படிப்புக்கே ஆபத்து.

கோடு போடாத வெள்ளைத் தாளில், கறுப்பு மைப் பேனாவால் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரிய எழுத்துகளில் போட்ட ஆங்கிலக் கையெழுத்தை ஐ.பி.பி.எஸ். ஏற்பதில்லை. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், கை நிழல் விழாமல், நேர் மேலிருந்து படம் எடுங்கள். கையெழுத்தை ஒட்டி நெருக்கமாக வெட்டுங்கள். முழுத்தாளையும் வைத்துக்கொண்டு 140 × 60 பிக்ஸலாகச் சுருக்கினால் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும்! 10-லிருந்து 20 கே.பி. என்பது அவர்கள் கேட்கும் எடை.

எதில் செய்வது?

விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால், அதோடு வரும் 'பெயின்ட்' போதும். அதில் ரீசைஸ் இருக்கிறது. 'போட்டோஸ்' என்பதில் படத்தைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டினால் 'ரீசைஸ் இமேஜ்' வரும். அதில் அகலம், உயரம், குவாலிட்டி மூன்றையும் மாற்றலாம். புது எடை எவ்வளவு என்றும் அங்கேயே தெரியும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'பிரிவியூ' இதைச் செய்யும். 'ஸ்குவூஷ்' என்று கூகுள்காரர்கள் 2018-ல் வெளியிட்ட இலவச வசதி ஒன்று இருக்கிறது. இணையத்தில் திறந்தாலும், படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாமலேயே வேலை நடக்கும். அசலும் சுருங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வெங்காயச் சட்னியையும் தேங்காய்ச் சட்னியையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பது போல ஒப்பிடலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற புது வகையில் படம் சேமிக்கின்றன. இடம் குறைவு, தரம் நன்று. ஆனால் விண்ணப்பப் படிவங்கள் பல இதை ஏற்காது. செட்டிங்ஸில் கேமரா, பிறகு ஃபார்மட்ஸ் என்று போய், 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதன் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆக விழும்.

அனுப்பும்போதும் அச்சடிக்கும்போதும்

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி, இறுக்கித்தான் அனுப்பும். 2023 ஆகஸ்டில் 'ஹெச்.டி.' என்ற வசதி வந்தது. அதைத் தட்டி அனுப்பினால் இன்னும் தெளிவாகப் போகும். ஆனால் அதுவும் அசல் அல்ல. அசல் அப்படியே போக வேண்டுமானால், 'டாக்குமெண்ட்' என்பதன் வழியாக அனுப்புங்கள். தினசரி சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் சாதாரணமே போதும். கல்யாணம், சீமந்தம், குழந்தையின் முதல் பிறந்த நாள் போன்ற படங்களுக்கு டாக்குமெண்ட்தான் சரி.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன்படி:

4 × 6 அங்குலம் – 1200 × 1800 பிக்ஸல்
5 × 7 அங்குலம் – 1500 × 2100 பிக்ஸல்
8 × 10 அங்குலம் – 2400 × 3000 பிக்ஸல்

12 × 18 போன்ற பெரிய படத்தைச் சற்றுத் தள்ளி நின்றுதான் பார்ப்போம். அதற்கு அங்குலத்துக்கு 200 புள்ளி, அதாவது 2400 × 3600 இருந்தாலே போதும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 12 மெகாபிக்ஸல் அசல் படம் கூடத்தில் மாட்டும் அளவுக்குத் தாராளமாக வரும். விண்ணப்பத்துக்காகச் சுருக்கிய 200 × 230 படத்தை 300 புள்ளிக் கணக்கில் அச்சடித்தால் அகலம் முக்கால் அங்குலம்கூட வராது! ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதற்கு முன் எந்தப் படத்தைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பெட்டியில் உள்ள பழைய படங்கள்

பரணில் தகரப் பெட்டியில் தூங்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை டிஜிட்டல் ஆக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். ஸ்கேன் எடுக்கக் கொடுக்கும்போது 600 டி.பி.ஐ. என்று சொல்லிக் கொடுங்கள். அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 300 என்று எடுத்தால் அதே அளவுக்குத்தான் அழகாக அச்சடிக்கலாம். 600 என்றால் நீளம் அகலம் இரண்டிலும் இரட்டிப்பாக்கலாம். செல்போனில் எடுப்பதானால், ஃப்ளாஷ் போடாமல், ஜன்னலோர வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை வெளியே எடுத்து வைத்து எடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள்! கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யச் சொல்லலாம்.

ஜாக்கிரதை!

'இலவசமாகப் போட்டோ சுருக்கித் தருகிறோம்' என்று இணையத்தில் எத்தனையோ கடைகள். குழந்தையின் படத்தையும், ஆதார் அட்டையையும், கையெழுத்தையும் முன்பின் தெரியாத இடத்தில் ஏற்றலாமா? வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவோமா? நம் கம்ப்யூட்டரிலேயே முடியும்போது நம் கம்ப்யூட்டரிலேயே செய்துகொள்வோம்.

இன்னொன்று. போனில் இடக்குறிப்பு வசதி திறந்திருந்தால், எடுத்த இடத்தின் விவரம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். டாக்குமெண்டாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். உறவினருக்கு அனுப்புவதில் பாதகமில்லை. அறிமுகம் இல்லாதவர்களுக்கு அனுப்பும்போது யோசிக்க வேண்டும். பச்சைக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இதை அவசியம் கவனியுங்கள்.

சில சந்தேகங்கள்

*சுருங்கிப்போன படத்தைத் திரும்பப் பெரிதாக்க முடியாதா?*

புள்ளிகளை அதிகமாக்கலாம். போன நுணுக்கம் திரும்பாது. இப்போது செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தரும் ஆப்கள் வந்திருக்கின்றன. அவை இல்லாததை ஊகித்து வரைகின்றன. படம் பளபளவென்று இருக்கும், ஆனால் அது பாட்டியின் கண்தானா என்று பாட்டியைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்!

*போனில் இடமே இல்லை. அசலை எங்கே வைப்பது?*

கூகுள் போட்டோஸில் எல்லையில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். முக்கியமான படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், இன்னொரு பிரதியை வேறோர் இடத்திலும் வைப்பதே நல்லது. நகையை எல்லாம் ஒரே பெட்டியில் வைப்பதில்லையே!

*எல்லாப் படத்தையும் காப்பாற்ற வேண்டுமா?*

வேண்டாம். ஒரே போஸில் பதினேழு படம் எடுத்திருப்போம். நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். காலை வணக்கம், மாலை வணக்கம் படங்களைத் தயங்காமல் தள்ளுங்கள். இடம் வேண்டுமென்றால் அங்கே கை வையுங்கள். அசல் படங்களைச் சுருக்கி இடம் பிடிக்காதீர்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

ஒரு ஓய்வு நேரத்தில், கம்ப்யூட்டரில் 'அசல்' என்று ஒரு பெட்டியும், 'அனுப்ப' என்று ஒரு பெட்டியும் திறந்துகொள்ளுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல படம் தேடி, யார் எடுத்தார்களோ அவர்களிடமிருந்தே டாக்குமெண்டாக வாங்கி, 'அசல்' பெட்டியில் போடுங்கள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். விண்ணப்பமோ விசாவோ வரும்போது, பிரதி எடுத்து 'அனுப்ப' பெட்டியில் வைத்து வெட்டி, சுருக்கி, இறுக்கிக்கொள்ளலாம்.

குறிப்பாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களின் படத்தை முதலில் சேருங்கள். அவர்கள் சிரிக்கிற படமாகப் பார்த்து எடுங்கள். அந்தச் சிரிப்பில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் பேரன் பேத்திகளுக்குப் போய்ச் சேரட்டும்.